கடிதம் இரண்டு இடத்தில், சாவி ஒரு கையில்: கம்பியூட்டரில் ஈ-மெயில் பெட்டி அமைப்பது எப்படி?



தோட்டத்துக்குக் கடிதம் எப்படி வருகிறது என்பதை நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பல தோட்டங்களில் லயத்துக்கு ஒரு நம்பர் இருக்கும். அதைத் தபால்காரர் அறியமாட்டார். தபால் பை தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கே பிரித்து, டிவிசன் டிவிசனாக ஒதுக்கி, பெரட்டுக் களத்திலோ கொழுந்து மடுவத்திலோ யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கை நல்ல கையாக இருந்தால் கடிதம் அன்றே வீட்டுக்கு வரும். இல்லாவிட்டால் சட்டைப் பையிலேயே இரண்டு நாள் கிடக்கும்.

நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி எழுதிய கடிதம், பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் கையில் கிடைத்த ஒரு பிள்ளையை நாங்கள் அறிவோம். அந்தப் பிள்ளை அழவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, “இனி என்னா செய்றது சேர்?” என்று மட்டும் கேட்டது. எங்களிடம் பதில் இல்லை.

ஈ-மெயில் முகவரி என்பது நம் பிள்ளைகளுக்குத் தம் பெயரிலேயே கிடைக்கும் முதல் முகவரி. தோட்டத்தின் பெயர் வேண்டாம், ஆபீஸ் வழியாகப் போக வேண்டாம், யார் கையிலும் கொடுத்துவிட வேண்டாம். இன்று பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதானாலும் ஒன்லைனில்தான். அங்கே ஈ-மெயில் முகவரி கேட்கிறார்கள். வேலைக்கு எழுதினாலும் கேட்கிறார்கள். ஆகவே பல வீடுகளில் இப்போது ஒரு முகவரி இருக்கிறது. ஆனால் அது எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்காரர் திறந்து கொடுத்தது; பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும். அல்லது அண்ணனின் பழைய போனில் திறந்தது. போன் உடைந்தபோது முகவரியும் போய்விட்டது. தபால் பை ஆபீசில் கிடந்தது போலவேதான் இதுவும். சாவி மட்டும் வேறு ஆள் கையில்.

ஆகவே இந்த இதழில், வெப்மெயிலாக இருக்கும் உங்கள் ஈ-மெயிலை வீட்டுக் கம்பியூட்டரிலோ படிப்பகத்துக் கம்பியூட்டரிலோ ஒரு புரோகிராம் மூலம் எடுத்து வைப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்ல விரும்புகிறோம். இங்கு நாங்கள் சொல்லப்போவது எல்லாம் ஒரே வரியில் அடங்கும்: கடிதம் இரண்டு இடத்தில் இருக்கட்டும், சாவி ஒரு கையில் இருக்கட்டும்.

வெப்மெயில் என்றால் என்ன?

ஈ-மெயில் நேற்று வந்த சங்கதி அல்ல. ஒரு கம்பியூட்டரிலிருந்து இன்னொரு கம்பியூட்டருக்கு வலைப்பின்னல் வழியாகக் கடிதம் அனுப்பும் முறையை அமெரிக்காவில் ரே டொம்லின்சன் என்பவர் 1971இல் செய்து காட்டினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க வட்டத்துக்குள் ‘ஏ’ எழுத்து போன்ற அந்த அடையாளத்தைத் தெரிவு செய்தவரும் அவரே. நம் நாட்டில் 1990களின் ஆரம்பத்தில் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஈ-மெயிலைப் பாவிக்கத் தொடங்கினார்கள். 1995இல் காசு கட்டி எவரும் இன்டர்நெட் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. மலைநாட்டைப் பொறுத்தவரை கொத்மலை சமூக வானொலியை மறக்க முடியாது. 1998இல் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே ஒரு வேலை ஆரம்பித்தார்கள். கேட்பவர்கள் கேள்வி எழுதி அனுப்ப, நிலையத்தார் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்து வானொலியில் விளக்கம் சொன்னார்கள். வீட்டில் கம்பியூட்டர் இல்லாதவருக்கும் இன்டர்நெட் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

ஆரம்பத்தில் ஈ-மெயில் பார்க்க வேண்டுமானால் கம்பியூட்டரில் அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்க வேண்டும். 1996 ஜூலை 4ஆந் திகதி சபீர் பாட்டியா என்ற இந்தியரும் ஜாக் ஸ்மித் என்பவரும் சேர்ந்து ஹொட்மெயிலை ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கடையில், எந்தக் கம்பியூட்டரில் இருந்தாலும் பிரவுசரைத் திறந்து பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால் கடிதத்தைப் பார்க்கலாம் என்றாகியது. இதைத்தான் வெப்மெயில் என்கிறோம். கூகிள் கம்பனியின் ஜீமெயில் 2004 ஏப்ரல் 1ஆந் திகதி வந்தது. இன்று நம்மிடையே பெரும்பாலும் பாவனையில் இருப்பது அதுதான்.

வெப்மெயிலில் உங்கள் கடிதம் எல்லாம் அந்தக் கம்பனியின் பெரிய கம்பியூட்டரில், அதாவது சேர்வரில் இருக்கிறது. நீங்கள் பிரவுசரில் பார்ப்பது தபால் கந்தோரின் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கடிதத்தைப் பார்ப்பது மாதிரி. ஜன்னல் திறந்திருக்கும் மட்டும் சரி. லைன் போய்விட்டால் ஜன்னல் மூடிக்கொள்ளும்.

ஜன்னல் மூடிய நாட்கள்

இது எங்களுக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். நாங்கள் பிறந்த ஊர் அம்பாறைக் கரையில் உள்ள மாவடிப்பள்ளி. சுற்றிலும் வயல், மாரி பெய்தால் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். 2024 நவம்பர் 26ஆந் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்தபோது, மதரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போய் உயிர்கள் பறிபோயின. அந்த வீதியை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறும். அந்தக் கிழமை எங்கள் வீட்டுப் பக்கத்தில் கரண்டும் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வந்தன. மச்சானுடைய மகனுக்கு வெளிநாட்டு வேலைக் கடிதம் ஒன்று வந்திருந்தது. அதிலுள்ள பாஸ்போர்ட் விபரத்தையும் திகதியையும் பார்த்து, கொழும்பில் உள்ளவருக்குப் போனில் சொல்ல வேண்டும். பிரவுசர் திறக்கவில்லை. ஆனால் மகன் தன் லெப்டொப்பில் ஈ-மெயில் புரோகிராம் போட்டு வைத்திருந்தான். பெட்டரி தீரும் முன் திறந்து பார்த்தோம். கடிதம் அப்படியே உள்ளே இருந்தது. ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று சொல்லி முடித்தோம்.

மலைப் பக்கத்து நிலைமை நீங்கள் அறிந்ததே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது மண் சரிந்து எத்தனை இடங்கள் பாதிக்கப்பட்டன, எத்தனை நாள் கரண்டும் போனும் இல்லாமல் இருந்தன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று தகரப் பெட்டியில் வைத்த கடதாசிகளை மண்ணுக்கும் தண்ணிக்கும் கொடுத்தவர்கள் பல பேர். கடதாசி போனால் கம்பியூட்டரில் இருக்க வேண்டும். கம்பியூட்டர் போனால் சேர்வரில் இருக்க வேண்டும். சேர்வருக்குப் போக லைன் இல்லாவிட்டால் கம்பியூட்டரில் இருக்க வேண்டும். இரண்டு இடம் என்று நாங்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

பொப்பா, ஐமேப்பா?

புரோகிராம் சேர்வரிலிருந்து கடிதத்தை எடுப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. கம்பியூட்டரில் இந்தப் பெயர்கள் இரண்டையும் காண்பீர்கள். ஆகவே முதலில் விளங்கிக்கொள்வது நல்லது.

முதலாவது பொப். இது 1984இல் வந்தது. தபால் பையை ஆபீசிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்து கொட்டுவது போன்றது. கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். ‘அங்கேயும் ஒரு பிரதி வை’ என்று சொல்லாவிட்டால் ஆபீசில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். வீட்டுக் கம்பியூட்டர் பழுதானால் கடிதமும் போச்சு.

இரண்டாவது ஐமேப். அமெரிக்காவில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986இல் இதை உருவாக்கினார். இது செக்ரோலுக்கு இரண்டு பிரதி வைப்பது போன்றது. ஆபீசில் ஒன்று, உங்களிடம் ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். கம்பியூட்டரில் வாசித்த கடிதம் போனிலும் வாசித்ததாகக் காட்டும். நீங்கள் அனுப்பியதும் இரண்டு இடத்திலும் இருக்கும்.

ஆகவே ஐமேப்பையே தெரிவு செய்யும்படி சொல்கிறோம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். “கம்பியூட்டரில்தானே அழித்தேன், போனில் இருக்கும்தானே” என்று நினைத்து முக்கியமான கடிதத்தை அழித்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு.

தொடங்கு முன்

எந்தப் புரோகிராம் என்று கேட்பீர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியவையும் இருக்கின்றன. நாங்கள் இங்கு விளக்குவது தண்டர்பேர்ட். பயர்பொக்ஸ் பிரவுசரைத் தந்த மொசில்லாவினருடையது. 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘பிரீ டவுன்லோட்’ என்று பளபளக்கும் வேறு தளங்களிலிருந்து இறக்க வேண்டாம். வைரஸ் சேர்ந்து வரும்.

தோட்டங்களுக்கு நன்கொடையாக வரும் கம்பியூட்டர்கள் பெரும்பாலும் பழையவை. விண்டோஸ் 7 உள்ள கம்பியூட்டரில் புதிய தண்டர்பேர்ட் ஓடாது. 115ஆம் பதிப்புதான் அதற்குக் கடைசி. விண்டோஸ் 10இலாவது இருக்க வேண்டும். அதற்கும் மைக்ரோசொப்ட் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு சாதாரண ஆதரவை நிறுத்திவிட்டது. எனவே கம்பியூட்டர் வாங்கும்போது உள்ளே என்ன விண்டோஸ் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று மட்டும் பார்க்க வேண்டாம்.

மேலும், ஆரம்பிக்கும் முன் இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, உங்கள் ஈ-மெயில் முகவரி எழுத்துப் பிசகில்லாமல். இரண்டு, பாஸ்வேர்ட், அது கடைக்காரருக்குத் தெரிந்த பாஸ்வேர்டாக இருந்தால் முதலில் பிரவுசரில் போய் அதை மாற்றுங்கள். மூன்று, அந்த முகவரியோடு பதிந்திருக்கும் போன். சரிபார்க்கும் நம்பர் அதற்குத்தான் வரும். கடைக்காரரின் போன் நம்பரோ பழைய சிம் நம்பரோ பதிந்திருந்தால் அதையும் மாற்றி உங்கள் நம்பரைப் போடுங்கள்.

படிப்படியாகச் செய்வோம்

1. தண்டர்பேர்டை முதன்முதலாகத் திறந்ததும் உங்கள் பெயரையும் ஈ-மெயில் முகவரியையும் கேட்கும். பதிப்பைப் பொறுத்து சொற்களும் இடமும் சற்று மாறியிருக்கலாம், பயப்பட வேண்டாம். பெயர் என்ற இடத்தில் அடையாள அட்டையில் உள்ள பெயரையே போடுங்கள். வேலைக்கு எழுதும்போது அந்தப் பெயர்தான் எதிர்ப் பக்கத்துக்குத் தெரியும். பட்டப் பெயர் வேண்டாம்.

2. ‘கன்டினியூ’ என்பதை அமத்துங்கள். பெரிய கம்பனிகளின் சேர்வர் விபரம் தண்டர்பேர்டுக்குத் தெரியும். ஆகவே அது தானாகவே தேடி எடுத்துக் காட்டும்.

3. ஐமேப், பொப் என்று இரண்டு காட்டினால் ஐமேப்பைத் தெரிவு செய்யுங்கள்.

4. ஜீமெயிலாக இருந்தால் கூகிளின் சொந்தப் பக்கம் ஒரு சிறு ஜன்னலாகத் திறக்கும். அங்கேதான் பாஸ்வேர்டைப் போட வேண்டும். பிறகு போனுக்கு ஒரு கேள்வியோ நம்பரோ வரும். அதைச் சரிபார்த்ததும் ‘தண்டர்பேர்ட் உங்கள் கடிதங்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா’ என்ற கருத்தில் கேட்கும். ‘அலவ்’ என்பதை அமத்துங்கள்.

5. இடப் பக்கத்தில் உங்கள் முகவரியும் அதன் கீழே ‘இன்பொக்ஸ்’ என்பதும் வந்தால் வேலை முடிந்தது. கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். லைன் மெதுவாக இருந்தால் சற்று நேரம் எடுக்கும்.

6. உங்களுக்கே ஒரு கடிதம் எழுதி அனுப்பிப் பாருங்கள். அது போய்த் திரும்பி வந்தால் அனுப்பும் வழியும் எடுக்கும் வழியும் இரண்டும் சரி என்று அர்த்தம்.

7. கடைசியாக ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதற்குள் போய், ஒத்திசைவு, சேமிப்பு பற்றிய பக்கத்தைத் திறந்து, கடிதங்களை இந்தக் கம்பியூட்டரில் வைத்திரு என்ற இடத்தில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாவிட்டால் தலைப்பு மட்டும் தெரியும். லைன் இல்லாத நாளில் கடிதம் திறக்காது. அப்படியானால் இவ்வளவு வேலை செய்தும் பலன் இல்லை.

தானாகத் தேடிக் கண்டுபிடிக்காவிட்டால் கையால் போட வேண்டிவரும். ஜீமெயிலுக்கு எடுக்கும் வழியின் நம்பர் 993. அனுப்பும் வழியின் நம்பர் 465. சேர்வரின் பெயர், முன்னதற்கு ஐமேப் என்ற நான்கு ஆங்கில எழுத்தும், பின்னதற்கு எஸ், எம், டி, பி என்ற நான்கு எழுத்தும் முன்னால் வந்து, அதன் பின் ஒரு புள்ளியும் ‘ஜீமெயில் டொட் கொம்’ என்பதும் வரும். பாதுகாப்பு என்ற இடத்தில் எஸ்எஸ்எல் அல்லது டீஎல்எஸ் என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். முன்பெல்லாம் ஜீமெயிலுக்குள் போய் ஐமேப்பைத் திறந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். 2025 ஜனவரி முதல் அது சாதாரண ஜீமெயில்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. பழைய புத்தகத்தைப் பார்த்து அந்தப் பொத்தானைத் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் கதவு திறக்கவில்லை

இது பலர் வந்து சொல்லும் முறைப்பாடு. “சேர், அதே பாஸ்வேர்ட் போனில் வேலை செய்யுது, கம்பியூட்டரில் பிழை என்று சொல்லுது” என்பார்கள். பிழை பாஸ்வேர்டில் அல்ல.

முன்னர் ஈ-மெயில் புரோகிராமிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் அது ஒவ்வொரு தடவையும் சேர்வரிடம் அதைக் காட்டிக் கடிதம் எடுக்கும். வீட்டுச் சாவியையே வேலையாள் கையில் கொடுத்துவிடுவது போன்றது அது. திருட்டுப் புரோகிராமிடம் கொடுத்தால் வீடே போச்சு. ஆகவே 2022 மே 30 முதல் கூகிள் இந்த வழியை மூடத் தொடங்கியது. மைக்ரோசொப்டும் 2024 செப்டம்பர் 16 முதல் தன் அவுட்லுக், ஹொட்மெயில் முகவரிகளுக்கு வெறும் பாஸ்வேர்டை ஏற்பதை நிறுத்தியது. இப்போது உள்ள முறையில் நீங்கள் கம்பனியின் சொந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டைப் போடுகிறீர்கள். கம்பனி புரோகிராமுக்கு ஒரு அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. சாவி உங்களிடமே இருக்கிறது. வேண்டாம் என்று தோன்றிய அன்று சீட்டை மட்டும் ரத்துச் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்றக்கூடத் தேவையில்லை. இந்த முறைக்கு ஓஓத் என்று பெயர். புரோகிராமின் செட்டிங்ஸில் இந்தச் சொல் இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள்.

மிகப் பழைய புரோகிராம்களுக்கு இந்தச் சீட்டு முறை தெரியாது. அவற்றுக்கென ஜீமெயிலில் ‘ஆப் பாஸ்வேர்ட்’ என்று 16 எழுத்துள்ள ஒன்றைத் தனியாக எடுக்கலாம். அதற்கு முதலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் முடிந்தவரை புதிய தண்டர்பேர்டைப் போட்டுக்கொள்வதே நல்லது.

டேட்டா காசு வீணாகாமல்

போனிலிருந்தோ டொங்கிளிலிருந்தோ இன்டர்நெட் எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஐந்தாறு வருடத்துக் கடிதம் ஒரேயடியாக இறங்கினால் ரீலோட் செய்த டேட்டா ஒரு நாளில் தீர்ந்துவிடும். முன்பு சொன்ன அதே பக்கத்தில் ‘கடந்த 30 நாள் கடிதம் மட்டும்’ என்பது போல வரையறுக்க ஒரு வழி இருக்கிறது. நாளைக் கூட்டலாம், குறைக்கலாம். பெரிய கடிதங்களை இறக்காதே என்று சொல்லவும் முடியும். ஆனால் கவனம்: அப்படி வைத்தால் சான்றிதழ் ஸ்கேன் உள்ள கடிதமும் பெரியதென்று விடுபட்டுப் போகலாம். நாட்களைக் குறைத்தால் பழைய கடிதம் கம்பியூட்டரில் இருக்காது. ஆகவே முக்கியமானவற்றைத் திறந்து, இணைப்பைத் தனியாகக் கம்பியூட்டரில் ஒரு போல்டரில் சேமித்து வையுங்கள்.

ஜீமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜீபி. படங்கள், பைல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. போனில் எடுக்கும் கலியாண வீடியோ எல்லாம் தானாக அங்கே ஏறிக்கொண்டிருந்தால் இடம் நிறைந்து புதுக் கடிதம் வராமல் போய்விடும். கலியாண வீடியோவுக்காக வேலைக் கடிதத்தை இழக்க வேண்டாம்.

பொதுக் கம்பியூட்டரில் செய்யலாமா?

படிப்பகத்தில், பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து அறையில், ஒரு கம்பியூட்டரைப் பத்துப் பேர் பாவிக்கும் இடங்கள் உண்டு. அங்கே தண்டர்பேர்ட் போட்டால், திறப்பவர் எல்லாருக்கும் உங்கள் கடிதம் தெரியும். மறுபடி பாஸ்வேர்ட் கேட்காது. எனவே பொதுக் கம்பியூட்டரில் வெப்மெயிலையே பாருங்கள். முடிந்ததும் ‘சைன் அவுட்’ செய்துவிட்டு எழும்புங்கள்.

வேறு வழியில்லை என்றால் விண்டோஸிலேயே ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் போட்டுத் தனித்தனியாகத் திறக்கும்படி செய்ய வேண்டும். தண்டர்பேர்டில் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ என்று ஒன்று இருக்கிறது. அது உள்ளே சேமித்த சாவிகளை மூடுமே தவிர, ஏற்கெனவே இறங்கிய கடிதங்களை மூடாது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

கம்பியூட்டரை விற்கும்போது, திருப்பிக் கொடுக்கும்போது, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதற்குள் போய் முகவரியை நீக்குங்கள். நீக்கும்போது ‘கடிதங்களையும் சேர்த்து நீக்கு’ என்ற இடத்தில் சரி போடுங்கள். பிறகு கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், தண்டர்பேர்டுக்குக் கொடுத்த அனுமதியையும் ரத்துச் செய்யுங்கள். வீடு மாறும்போது பூட்டை மாற்றுவது போலத்தான்.

தமிழில் எழுத

கடிதத்தைத் தமிழில் எழுதினால் எதிர்ப் பக்கத்தில் ஏதோ ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரிகிறது என்று சிலர் சொல்கிறார்கள். காரணம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். நம் நாட்டில் நோட்டீஸ், மகஜர் எல்லாம் அதில்தான் நெடுங்காலம் அடித்தோம். அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் அது தமிழாகத் தெரியாது. யூனிகோட் தமிழில் எழுதினால் போனிலும் கம்பியூட்டரிலும் சரியாகவே வரும். பாமினியில் அடித்த கடிதம் ஏற்கெனவே இருந்தால் அதைப் பீடிஎப் ஆக்கி இணைத்து அனுப்புங்கள்.

சாவியைப் பத்திரப்படுத்துவது

இறுதியாகச் சில வார்த்தை. முகவரியைத் திறந்து வைத்துவிட்டு வருடக்கணக்காகத் தொடாமல் இருக்கக்கூடாது. இரண்டு வருடம் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கியது. சாதாரண தரப் பரீட்சைக்குத் திறந்த முகவரியை உயர்தரத்துக்குப் பிறகு தேடினால் இல்லாமல் போயிருக்கலாம். மாதம் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பாருங்கள்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பைத் திறந்தால் கூகிள் 10 அவசர நம்பர்கள் கொடுக்கும். போன் தொலைந்தால் அந்த நம்பரில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். அவற்றை ஒரு கடதாசியில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடு வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் முதலில் எடுக்கும் பொட்டலத்தில் அதுவும் இருக்கட்டும். போனில் யாராவது கதைத்து, “உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்று கேட்டால் சொல்ல வேண்டாம். பாங்க் ஆள் என்பார், கம்பனி ஆள் என்பார். யாராக இருந்தாலும் சொல்ல வேண்டாம். எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. “எங்களுக்கு இதெல்லாம் விளங்காது, பிள்ளை பார்த்துக்கொள்ளும்” என்று விட்டுவிடாதீர்கள். பாட்டன் காலத்தில் செக்ரோலில் கைநாட்டு வைத்தோம். இன்று பேரை எழுதுகிறோம். இதுவும் அப்படித்தான் கைவரும். பிள்ளை பக்கத்தில் இருந்து அமத்தட்டும். பாஸ்வேர்ட் எந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறது என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும். பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்ற நிலை வரக்கூடாது.

இந்தப் படிகளில் எந்த இடத்தில் தடைப்பட்டாலும், கம்பியூட்டரில் தெரிந்த எழுத்தை அப்படியே எழுதிக்கொண்டோ போனில் படம் பிடித்துக்கொண்டோ நலன்புரி ஆபீசுக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். வரும்போது பாஸ்வேர்டை எழுதிக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுக்க வேண்டாம். நீங்களே அமத்துங்கள்; நாங்கள் மற்றப் பக்கம் திரும்பி நிற்போம்.

அடுத்த தடவை ஒரு பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வரும்போது, அது யார் சட்டைப் பையிலும் கிடக்காமல் அந்தப் பிள்ளையின் பெட்டிக்கே அன்றே வந்து சேரட்டும்.